நீண்ட தூரப் போட்டிக்கு முதல் தோட்டா: 6.5 கிரீட்மோரா, கையில் இருக்கும் .308-ஆ?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அமெரிக்காவில் வசிக்கிறீர்கள், ரேஞ்சில் 100 கெஜத்தில் .308 வின்செஸ்டர் சுட்டுப் பழக்கம். பக்கத்து ஊர் கிளப்பில் பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) பாணிப் போட்டி ஒன்றைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. நண்பர் 6.5 கிரீட்மோர் வாங்கச் சொல்கிறார். யூடியூபில் ஜெயிப்பவர்கள் கையில் எல்லாம் 6 மி.மீ. டாஷர் இருக்கிறது. கடைக்காரரோ, "300 வின் மேக் எடுங்க, தூரம் போகும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கியே தீருவேன் என்றால் 6.5 கிரீட்மோர் வாங்குங்கள். ஆனால் முதல் நாலைந்து போட்டிக்கு எதுவும் வாங்க வேண்டாம், இருக்கும் .308-ஐயே எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கத்தான் கை துறுதுறுக்கிறது என்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல .22 எல்.ஆர். துப்பாக்கி வாங்குங்கள். டாஷர் இரண்டாவது துப்பாக்கிக்கான பேச்சு. 300 வின்செஸ்டர் மேக்னம் இந்த விளையாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

இனி காரணங்கள். தோட்டா என்று நான் சொல்வது பித்தளைக் கூடு, மருந்து, பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருளை. பறந்து போவதை மட்டும் குண்டு என்கிறேன். பெயர்களில் வரும் எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழச் சொல்பவை: 6.5, 6 என்பவை மி.மீ. கணக்கு, .308, .223, .22 என்பவை அங்குலக் கணக்கு.

முதலில் எந்த ஆட்டம் என்பது தெளிவாக வேண்டும். நீண்ட தூரம் என்ற ஒரே பெயரில் குணமே வேறான போட்டிகள் நடக்கின்றன. 2012-இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். வகையில், தடுப்புப் பலகை, டயர், கூரைச்சரிவு, குழாய் என்று எதன் மேலாவது துப்பாக்கியைச் சாய்த்து, ஒன்றரை அல்லது இரண்டு நிமிடத்துக்குள் எட்டுப் பத்துக் குண்டுகளை இரும்புத் தகடுகள் மேல் சுட வேண்டும். தகடுகள் பெரும்பாலும் 300 முதல் 1000 கெஜத்துக்குள் இருக்கும். ஒரு கெஜம் 0.91 மீட்டர் என்பதால் 1000 கெஜம் என்பது 914 மீட்டர். ஒரு நாள் போட்டியில் 80, 100 குண்டு போகும். இரண்டு நாள் பெரிய போட்டி என்றால் 200-ஐ ஒட்டி வரும்.

எஃப்-கிளாஸ் இதற்கு நேர் எதிர். தரையில் படுத்து, தாங்கியில் துப்பாக்கியை வைத்து, நிதானமாகக் காகித இலக்கில் சுடுவது. ஜார்ஜ் ஃபார்குஹார்சன் என்ற கனடாக்காரர் தொடங்கி வைத்தது, அந்த எஃப் அவர் பெயரிலிருந்து வந்தது. இதில் எஃப்-டி.ஆர். என்ற பிரிவில் சுட்டால் தோட்டா தேர்வு என்ற தலைவலியே கிடையாது: .308 அல்லது .223 ரெமிங்டன், வேறெதற்கும் அனுமதி இல்லை. 800, 900, 1000 கெஜத்தில் நடக்கும் பால்மா போட்டிக்கும் பாரம்பரியமான தோட்டா .308-தான். ஆகவே நாளைக்கு உங்களுக்குப் பிடித்துப்போவது எஃப்-டி.ஆர். என்றால், கையில் இருக்கும் தோட்டாவே சரியான தோட்டா. பி.ஆர்.எஸ்.-இலும் டாக்டிக்கல் என்ற பிரிவு .308, .223 இரண்டுக்குமென்றே ஒதுக்கப்பட்டது. "இந்தப் பழைய .308-ஐ எடுத்துக்கொண்டு போனால் சிரிப்பார்களோ" என்று நினைத்திருந்தால், அதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

கீழே சொல்வதெல்லாம் பி.ஆர்.எஸ். வகையை மனதில் வைத்து.

கடைக்காரர் சொன்ன "தூரம் போகும்" என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். புதிதாக வருகிற எல்லோருக்கும் குண்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் பெரிய கவலை. 1000 கெஜத்தில் 140 கிரெய்ன் 6.5 கிரீட்மோர் குண்டுக்கு ஸ்கோப்பில் ஏறத்தாழ எட்டரை மில் ஏற்ற வேண்டும். 175 கிரெய்ன் .308-க்குப் பத்தரை, பதினொன்று வரும். ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிரெய்ன் என்பது குண்டின் எடையளவு. வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இந்த இறக்கத்தால் ஒரு தகடும் தப்பாது. தூரம் தெரியும், குண்டின் வேகம் தெரியும், காற்றின் அடர்த்தியும் தெரியும். போனில் இருக்கும் கணிப்பு ஆப் சரியான எண்ணைத் தந்துவிடும். புவியீர்ப்பு நேற்று ஒரு மாதிரியும் இன்று ஒரு மாதிரியும் இழுப்பதில்லை. எட்டரையோ பத்தரையோ, ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் முடிந்தது.

தகடு தப்புவது பக்கக் காற்றால். அதை எந்த ஆப்பும் உங்களுக்காகப் பார்த்துச் சொல்லாது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவில் பள்ளத்தாக்கில் ஒரு காற்று, தகட்டருகே புல் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். இதில் மணிக்கு இரண்டு மைல் தவறாகக் கணிப்பது அனுபவசாலிகளுக்கே சகஜம். தோட்டாக்களின் உண்மையான வித்தியாசம் அங்கேதான் வெளிவரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 800 கெஜத்தில் 18 அங்குல அகலத் தகடு. நடுவிலிருந்து ஓரம் 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. உங்கள் காற்றுக் கணிப்பு இரண்டு மைல் பிசகிவிட்டது. 6.5 கிரீட்மோர் குண்டு நடுவிலிருந்து 20 செ.மீ. போல விலகும், ஓரத்தில் பட்டு மணி அடிக்கும். 175 கிரெய்ன் .308 அதே பிசகுக்கு 30 செ.மீ. வரை விலகி மண்ணில் போய் விழும். சுட்டவர் ஒருவரே, செய்த பிசகும் ஒன்றே.

காரணம் குண்டின் வடிவம். ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகளில் ஒல்லியாக நீண்டது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேகத்தைக் குறைவாக இழக்கும், பக்கக் காற்றுக்கும் குறைவாகவே இடம் கொடுக்கும். குண்டு டப்பாவில் பி.சி. (பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்) என்று போட்டிருக்கும் எண் இதைத்தான் சொல்கிறது, எண் கூடினால் நல்லது. தோட்டா நிறுவனமான ஹார்னடியின் 140 கிரெய்ன் இ.எல்.டி. மேட்ச் 6.5 குண்டுக்கு அது 0.646, அதே வகையில்.308-க்கு வரும் 168 கிரெய்ன் குண்டுக்கு 0.523.

போட்டியாளர்கள் இதற்கு ஒரு எளிய மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு காற்று எண் உண்டு. 6.5 கிரீட்மோருக்கு அது ஏறத்தாழ ஆறு. அதாவது மணிக்கு 6 மைல் நேர்ப் பக்கக் காற்று அடித்தால் 400 கெஜத்தில் 0.4 மில், 600-இல் 0.6 மில் ஒதுக்கிப் பிடித்தால் போதும். காற்று 3 மைல் என்றால் அதில் பாதி. .308-க்கு இந்த எண் நாலை ஒட்டி வரும். அதாவது 6.5-க்கு 6 மைல் காற்று செய்கிற வேலையை .308-க்கு 4 மைல் காற்றே செய்துவிடும். இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டு போட்டிக்குப் போங்கள். 90 விநாடியில் அட்டவணை பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

சரி, அப்படியானால் இன்னும் வேகமான, இன்னும் கனமான குண்டு இன்னும் நல்லதுதானே, 300 வின் மேக் ஏன் கூடாது? உதைதான் காரணம். தோள் வலிக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. மஸில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல் முனையில் பொருத்தும் கருவி) போட்ட பத்து கிலோ துப்பாக்கியில் யாருக்கும் தோள் வலிக்காது. நீங்கள் சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்பதை நீங்களே ஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எஃப்-கிளாஸில் ஒவ்வொரு குண்டுக்கும் இலக்கே காட்டிவிடும், பட்ட இடம் இது என்று. பி.ஆர்.எஸ்.-இல் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டால் நடுவர் "இம்பாக்ட்" என்பார், படாவிட்டால் மௌனம். 600 கெஜத்துக்குக் குண்டு போய்ச் சேர முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் ஸ்கோப் மறுபடி தகட்டின் மேல் வந்து நின்றால், தகட்டுக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி மண் தெறிப்பதைப் பார்ப்பீர்கள், அடுத்த குண்டுக்கு வலப்பக்கம் அவ்வளவு ஒதுக்குவீர்கள், படும். உதை ஸ்கோப்பை வானத்துக்குத் தூக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. அதே தவறோடு அடுத்த குண்டையும் சுடுவீர்கள். பத்துக் குண்டில் ஏழு படுவதற்கும் மூன்று படுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

ஒரே எடைத் துப்பாக்கியில், பிரேக் இல்லாமல் உதையின் ஆற்றலைக் கணக்கிட்டால் விகிதம் ஏறத்தாழ இப்படி வருகிறது. .308-ஐ 100 என்று வைத்துக்கொண்டால் 6.5 கிரீட்மோர் 75, 6 மி.மீ. டாஷர் 50, 300 வின் மேக் 190-க்கு மேல். கடைக்காரரின் யோசனை நீங்கள் இப்போது சுடுவதைப் போல இரண்டு மடங்கு உதையைக் காசு கொடுத்து வாங்குவது. அதோடு பல கிளப்புகளில் தகடுகள் பாழாகும் என்று மேக்னம் தோட்டாக்களையே அனுமதிப்பதில்லை. பி.ஆர்.எஸ். விதியிலும் குண்டின் வேகம் நொடிக்கு 3200 அடியைத் தாண்டக் கூடாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. தொலைவில் நிற்கும் எல்க் மானை வேட்டையாடுகிறவருக்கு அதே யோசனை சரியானது. தகட்டைக் கொல்ல வேண்டியதில்லை, தொட்டால் போதும்.

இதே காரணத்தால்தான் ஜெயிப்பவர்கள் 6 மி.மீ.-க்குப் போனார்கள். டாஷர், 6 பி.ஆர்., 6 ஜி.டி., 6 கிரீட்மோர் எல்லாம் 105, 110 கிரெய்ன் எடையில் ஒல்லிக் குண்டைத் தள்ளுபவை. காற்றில் 6.5-ஐ விடப் பெரிதாக எதுவும் சாதிப்பதில்லை, கிட்டத்தட்ட சமம். உதை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. யூடியூபில் பார்த்தது பொய்யில்லை. ஆனாலும் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்கிறேன். டாஷர் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டாவைத் தாங்களே வீட்டில் தயாரிக்கிறார்கள். ரீலோடிங் என்பது தனி உலகம். கருவிகள், நேரம், ஒழுங்கு எல்லாம் கேட்கும். டாஷரின் குட்டையான கூடு சாதாரண மேகஸினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) ஒழுங்காக ஏறாது, அதற்குத் தனியாக ஒரு கிட் பொருத்த வேண்டும். காற்றைப் படிக்கக் கற்க வேண்டிய வருடத்தில், மேகஸின் ஏன் சிக்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள். 6 கிரீட்மோர் கடையில் தோட்டாவாகவே கிடைக்கிறது, ஆனால் அது குழலைத் தின்னும்.

குழல் தேய்வது எப்படி என்று ஒரு வார்த்தை. கூட்டில் எரியும் மருந்தின் சூடான வாயு முழுவதும் குண்டுக்குப் பின்னால் அந்தச் சிறிய துளை வழியே போக வேண்டும். .308-இன் துளைப் பரப்பை விட 6.5-இன் பரப்பு 27 சதவீதம் குறைவு, 6 மி.மீ.-இன் பரப்பு 38 சதவீதம் குறைவு. ஆனால் 6.5 கிரீட்மோரும் 6 கிரீட்மோரும் எரிக்கும் மருந்து .308-ஐ விட அவ்வளவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. குறுகிய வாயில் அதே நெருப்பு போகிறது. தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால், குண்டைச் சுழற்றும் உள்வரிகள் தொடங்கும் இடம் முதலில் விரிசல் விட்டு, பிறகு அரிபடும். அதனால் போட்டித் துல்லியத்தோடு .308 குழல் 5000 குண்டு தாண்டியும் ஓடும், 6.5 கிரீட்மோர் 2000 முதல் 3000, 6 கிரீட்மோர் 1500-ஐ ஒட்டி. டாஷர் குறைவான மருந்து எரிப்பதால் 6 மி.மீ.-ஆக இருந்தும் 2000-க்கு மேல் தாங்கும். இடைவிடாமல் பத்துக் குண்டு சுடும் இந்த ஆட்டத்தில் குழல் நன்றாகவே சூடாகும் என்பதால் குறைந்த எண்ணையே நம்புங்கள்.

ஆனால் குழலைப் பற்றி அளவுக்கு மேல் கவலைப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். குழல் காருக்கு டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுவதுதான். பொருத்தும் கூலியோடு 700 டாலர் என்று வைத்துக்கொண்டால், 2500 குண்டு தாங்கும் 6.5 குழலுக்கு ஒரு குண்டுக்கு 28 சென்ட் விழுகிறது. 1500 குண்டில் போய்விடும் 6 கிரீட்மோருக்கு 47 சென்ட். போட்டித்தரத் தோட்டா ஒன்றின் விலையே ஒன்றரை, இரண்டு டாலர், சில வகைகள் அதற்கும் மேலே. பணம் போவது தோட்டாவில்தான். ஆகவே குழல் எத்தனை நாள் வரும் என்பதை விட, ஒரு மாதத்துக்கு எத்தனை குண்டு சுட உங்கள் பட்ஜெட் இடம் கொடுக்கும் என்று பாருங்கள். மாதம் நூறு குண்டாவது சுட முடியாத தோட்டா எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இப்போது 6.5 கிரீட்மோர் ஏன் என்பது கிட்டத்தட்ட விளங்கியிருக்கும். காற்றில் .308-ஐ விட மூன்றில் ஒரு பங்கு குறைவான விலகல், உதை நாலில் ஒரு பங்கு குறைவு, ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் போட்டித்தரத் தோட்டா. ஆனால் இந்தக் கடைசி விஷயம் தானாக வந்ததல்ல, அது பிறந்த கதை அப்படி. 2005-இல் ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் தேசியப் போட்டிகள் நடந்தபோது, கிரீட்மோர் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் டென்னிஸ் டிமில்லும் ஹார்னடியின் டேவ் எமரியும் பேசிக்கொண்டதில் தொடங்கியது. அங்கே வீரர்கள் சொந்தமாக உருவாக்கிய கலப்புத் தோட்டாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டிமில் கேட்டது பெரிய வேகம் இல்லை. சாதாரண மேகஸினுக்குள் அடங்க வேண்டும், குழல் சீக்கிரம் தேயக் கூடாது, உதை குறைய வேண்டும், கடையில் வாங்கும் தோட்டாவே போட்டிக்குத் தகுதியாக இருக்க வேண்டும், அதையே வீட்டிலும் செய்துகொள்ள முடிய வேண்டும். 2007-இல் ஹார்னடி வெளியிட்டபோது, தொடக்க கால டப்பாக்களின் மேலேயே உள்ளே எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அச்சிட்டுத் தந்தார்கள். தோட்டா விற்கும் நிறுவனங்கள் வழக்கமாகச் செய்யாத காரியம் அது. பெயர் மட்டும் பழையது: நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1873-இல் திறந்த கிரீட்மோர் மைதானத்தின் பெயர். அடுத்த ஆண்டு அங்கே அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதிய போட்டிதான் நீண்ட தூரச் சுடுதலை அமெரிக்காவில் பிரபலமாக்கியது.

6.5-ஐ வெறும் ஃபேஷன் என்று கிண்டல் செய்கிறவர்கள் உங்கள் ரேஞ்சிலும் இருப்பார்கள். குண்டு விட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஸ்வீடன் ராணுவம் 1890-களிலேயே 6.5×55 வைத்திருந்தது. 1997-இல் வந்த .260 ரெமிங்டன் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். ஆனால் .260-இன் கூடு நீளமானது. ஒல்லியான நீண்ட குண்டைப் பொருத்தினால் மேகஸினில் இடம் போதாது, குண்டைக் கூட்டுக்குள் அழுத்த வேண்டியிருக்கும். கிரீட்மோரின் கூட்டைக் குட்டையாக்கி அந்த இடத்தைக் குண்டுக்கு விட்டார்கள். எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கோடு குழல்கள் ஆரம்பத்திலிருந்தே வந்தன, அதனால் நீண்ட குண்டு தள்ளாடாமல் சுழன்றது. சின்ன விஷயங்கள்தான், ஆனால் .260 காணாமல் போனதும் கிரீட்மோர் நிலைத்ததும் இவற்றால். 2018-இல் அமெரிக்கச் சிறப்புப் படைகள் தங்கள் நீண்ட தூரத் துப்பாக்கிகளுக்கு 6.5 கிரீட்மோரைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணங்களிலும் காற்று விலகல் குறைவது ஒன்று.

உங்கள் .308-க்கு வருவோம். 1952-இல் வந்த தோட்டா, இன்னும் துல்லியத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. 1000 கெஜம் போக வேண்டுமானால் குண்டை மட்டும் கவனித்து வாங்குங்கள். சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் மிகப் புகழ் பெற்ற குண்டு, ஆனால் 300 மீட்டர் போட்டிக்காக உருவானது. அதன் வால் வடிவம் காரணமாக, வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தள்ளாடத் தொடங்கும். 1000 கெஜத்துக்கு முன்பே அது நடந்துவிடும். 600 வரை அருமையாகப் போன குண்டு திடீரென்று எங்கே போகிறது என்று தெரியாமல் பலர் துப்பாக்கியைச் சந்தேகிப்பார்கள். 175 கிரெய்ன் மேட்ச்கிங்கில் அந்தத் தொல்லை இல்லை. புதிய வடிவ 168-களிலும் இல்லை. எடை ஒன்றாக இருந்தாலும் குண்டு வேறு. 6.5 கிரீட்மோர் 1000 கெஜத்திலும் ஒலி வேகத்துக்குத் தாராளமாக மேலேயே இருப்பதால் அங்கே இந்தப் பேச்சே எழாது.

.308-இல் காற்று உங்களை அதிகமாகத் தண்டிக்கும், அதனால் காற்றைச் சீக்கிரம் கற்பீர்கள் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். தப்பிய குண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்தால்தான் அதிலிருந்து கற்க முடியும்; .308 நல்ல மண்தூசி எழுப்பும் என்பது சாதகம், உதை அதைப் பார்க்கவிடாது என்பது பாதகம். நல்ல பிரேக் ஒன்று பொருத்திவிட்டால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். அதை மட்டும் முதல் போட்டிக்கு முன்பே செய்துவிடுங்கள்.

.223-ஐ யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. போல்ட் துப்பாக்கியில், வேகமான முறுக்குள்ள குழலில், 75 அல்லது 77 கிரெய்ன் குண்டோடு, 600 கெஜம் வரை பயிற்சிக்கு இதைவிடச் சிக்கனமான தோட்டா கிடையாது. உதை இல்லையென்றே சொல்லலாம், குழல் நீண்ட காலம் உழைக்கும். ஒரே குறை, 700 கெஜத்துக்கு அப்பால் அந்தச் சின்னக் குண்டு தகட்டில் பட்டதா இல்லையா என்று நடுவருக்கே சந்தேகம் வரும். பட்ட குண்டு கணக்கில் வராமல் போவதைப் போல எரிச்சல் வேறில்லை.

ஆனால் பட்ஜெட் இடிக்கிறது என்றால் .223-ஐ விட .22 எல்.ஆர். பக்கம்தான் தள்ளுவேன். என்.ஆர்.எல்.22 போன்ற போட்டிகள் இதற்கென்றே நடக்கின்றன. 100 கெஜ ரேஞ்ச் இருந்தால் போதும், தடுப்புகளும் நேர வரம்பும் பெரிய போட்டியைப் போலவே. விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். போட்டித்தர .22 குண்டு வேண்டுமென்றே ஒலி வேகத்துக்குக் கீழே, நொடிக்கு 1070 அடியை ஒட்டிப் போகும்; ஒலித்தடையைக் கடக்கும் தள்ளாட்டம் அதற்கு வராது. அந்த வேகத்தில் 200 கெஜத்துக்கு ஸ்கோப்பில் ஒன்பது மில்லை ஒட்டி ஏற்ற வேண்டும், 10 மைல் பக்கக் காற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மில் ஒதுக்க வேண்டும். 6.5 கிரீட்மோருக்கு 1000 கெஜத்தில் வரும் எண்களும் கிட்டத்தட்ட இவையே. நீங்கள் திருகும் குமிழுக்கும் பிடிக்கும் காற்றுக்கும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 1000 கெஜ மைதானம் தேடி மூன்று மணி நேரம் கார் ஓட்டாமல், பக்கத்து ரேஞ்சில், ஒரு தோட்டாவுக்குச் சில பத்து சென்ட் செலவில் அதே பாடம். உதைக்கும்போது துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவதை மட்டும் அது கற்றுத் தராது.

கடைசியாக, எந்தத் தோட்டாவை எடுத்தாலும் வாங்கும் முறை. ஒரு டப்பா வாங்கி ஸ்கோப்பைச் சரிசெய்து, போட்டிக்கு முந்தைய நாள் வேறு டப்பா வாங்கிப் போவது பலர் செய்கிற காரியம். டப்பாவில் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், அச்சிட்டிருக்கும். லாட் மாறினால் வேகம் மாறலாம். 1000 கெஜத்தில் 6.5 கிரீட்மோர் நொடிக்கு 30 அடி மெதுவாகப் போனால் குண்டு 15 முதல் 20 செ.மீ. கீழே விழும், தகட்டின் அடி விளிம்பைத் தாண்ட அது போதும். ஆகவே முதலில் இரண்டு மூன்று நிறுவனங்களின் தோட்டாவை ஒவ்வொரு டப்பா வாங்கி, உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். குழல்களுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, விலை அதிகமானதுதான் நன்றாகப் போகும் என்று இல்லை. பிடித்தது தெரிந்ததும் அதே லாட்டில் ஒரு பெட்டி, 200 தோட்டா, மொத்தமாக வாங்குங்கள். கிளப்பில் யாரிடமாவது வேகமானி இருக்கும், கேட்டால் தருவார்கள். பத்துக் குண்டின் சராசரி வேகத்தை எடுத்து ஆப்பில் போடுங்கள், டப்பாவில் அச்சிட்ட வேகத்தை நம்ப வேண்டாம். அது அவர்கள் சோதனைக் குழலில் வந்த எண். உங்கள் குழல் இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தால் எண் வேறாகத்தான் வரும்.